நாலு பேருக்கு ஒரு பாஸ்

1

பாலையூற்றில் இருக்கும் என் அக்கா கடிதம் எழுதினால் கடைசிப் பந்தியில் கட்டாயம் ஒரு கேள்வி இருக்கும். ஒருமுறை, "ஞாயிற்றுக்கிழமையில என்னடா செய்யிறனீங்கள்?" என்று கேட்டிருந்தாள். மலையேறுகிறோம் என்று பதில் எழுதினேன். அடுத்த கடிதத்தில், "அங்க மலையில என்ன கோயில் இருக்கு?" என்று வந்தது. கோயில் ஒன்றும் இல்லை, சும்மா ஏறி இறங்குகிறோம் என்று எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் கடிதமே இல்லை. குளிரில் தம்பிக்கு மூளை விறைத்துவிட்டது என்று அத்தானிடம் சொல்லியிருப்பாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மேடு என்றால் ஒன்றில் கோயில், இல்லாவிட்டால் முள்ளுக்கம்பி வேலி. இரண்டும் இல்லாத ஒரு மலைக்குப் பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பிட்டும் கட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் ஒருவன் போகிறான் என்றால் யாருக்குத்தான் விளங்கும்? எனக்கே விளங்கக் கனகாலம் எடுத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தவமணியும் பிள்ளைகள் இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்து ஏழு வருடம் நிறைந்தது. அன்றைக்கும் மலைக்குத்தான் போனோம். அங்கே நடந்ததை அக்காவுக்கு எழுத உட்கார்ந்து, எழுத எழுத நீண்டுகொண்டு போய், கடைசியில் ஊரில் உள்ள எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று இதைத் தொடங்கினேன்.

2

நான் இருப்பது நோர்வேயில், பேர்கன் என்ற துறைமுகப் பட்டினத்தில். கப்பல் திருத்தும் இடத்தில் வெல்டிங் வேலை. கடல் இருக்கிறது, மீன் இருக்கிறது, துறைமுகத்தைச் சுற்றி மலையும் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் நம்முடைய ஊர் போலத்தான். வந்து இறங்கினால்தான் மழை தெரியும். இந்த ஊரில் மழை பெய்கிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பெய்யாவிட்டால்தான் அதைப்பற்றிப் பேசுவார்கள்.

வீட்டுப் படியில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் காடு தொடங்கிவிடும். ஊசி இலை மரங்கள் அடர்ந்து நிற்கும் மலைக்காடு. அதற்குள் இவர்கள் போட்டிருக்கும் பாதையைப் பற்றி நான் ஒரு புத்தகமே எழுதுவேன். சரளைக் கல் பரப்பி, நீர் ஓட ஓரத்தில் வாய்க்கால் வெட்டி, செங்குத்தாக ஏறாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். கைக்குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஏறலாம். தள்ளுகிறார்கள். அந்தக் குளிரில் குழந்தை மூக்கு மட்டும் தெரியப் போர்வைக்குள் நித்திரை கொள்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது தவமணி, "பெத்த தாயே இது? பிள்ளைக்குச் சளி பிடிக்காதே?" என்று அந்தப் பெண்ணோடு சண்டைக்குப் போகப் பார்த்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

பாதை பிரியும் இடங்களில் பலகை இருக்கும். மேலே காட்டுக்குள், பாதை மெலிந்து போகிற இடத்தில், மரத்திலும் கல்லிலும் சிவப்புப் பெயின்றில் அடையாளம் போட்டிருப்பார்கள். ஒன்றைத் தாண்டினால் அடுத்தது கண்ணில் படும். மூடுபனி இறங்கினாலும் வழி தவறாது. இதை யார் செய்கிறார்கள் என்று வேலைத்தலத்தில் கேட்டேன். அரசாங்கம் இல்லையாம். ஊரவர்களே கோடையில் பெயின்ற் வாளியும் தூரிகையுமாகப் போய்ச் செய்கிறார்களாம். என்னோடு வேலை செய்கிற ஒருவன் தன் விடுமுறையில் நாலு நாள் இந்த வேலை செய்திருக்கிறான். சம்பளம் இல்லை. "யாருக்காகச் செய்கிறாய்?" என்று கேட்டேன். "வருகிறவர்களுக்காக" என்றான். வருகிறவர்கள் யார் என்று அவனுக்குத் தெரியாது. இப்படி ஒரு சனத்தை நான் எங்கும் கண்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே ஆட்கள் பட்டினத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மூன்று வருடமாக என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை. பேருந்தில் பக்கத்துச் சீற்றில் உட்காருவதைவிட நின்றுகொண்டே வருவார்கள். மலையில் கால் வைத்ததும் எல்லோருக்கும் வாய் திறந்துவிடும். எதிரே வருகிற கிழவர், முழங்கால் வரை சிவப்புக் காலுறை போட்ட பெண், நாயோடு வருகிறவர், எல்லோரும் "ஹெய்" என்று தலையசைத்துக்கொண்டு போவார்கள். வந்த புதிதில் எனக்கு இந்தப் பாஷையில் தெரிந்தது 'ஆயிரம் நன்றி' ஒன்றுதான். ஹெய் சொன்ன அத்தனை பேருக்கும் ஆயிரம் நன்றி சொல்லிக்கொண்டே மலையேறினேன். அதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை.

3

நான் இங்கே தனியாக வந்து மூன்று வருடம் கழித்துத்தான் குடும்பம் வந்தது. மகள் வதனிக்கு அப்போது ஆறு வயது, மகன் ரமேசுக்கு மூன்று. தவமணி எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சல்லி என்ற கிராமத்தில், கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். கடற்கரையில் நின்று சத்தம் போட்டுக் கதைத்துப் பழகியவள் இங்கே வந்து நாலாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைக்குக்கூடப் போக மாட்டாள். "ஆராவது மறிச்சுக் கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?" என்பாள். குசினி யன்னலால் மலையைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவள் முகம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் இவளைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும் என்று எனக்குப் பயம் பிடித்தது.

ஒருநாள் அவளாகவே கேட்டாள். "இஞ்சாருங்கோ, அந்த மலைக்கு எல்லாரும் போகினமே, நாங்களும் போகலாமே?"

"போகலாம். நான் பாஸ் எடுத்துக்கொண்டு வாறன்" என்றேன்.

வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது அது சிரிப்பாகப் படவில்லை. மற்றவர்கள் போகிறார்கள் என்பது தெரியும். அவர்கள் இந்த ஊர்க்காரர். எங்களுக்கு எப்படியோ, யார் கண்டது? அரை நாள் லீவு போட்டு, இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு நகரத்துக் காரியாலயம் ஒன்றுக்குப் போனேன்.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு அம்மா இருந்தார். கடதாசியில் சுற்றிய பாணை விரித்து அப்போதுதான் சாப்பிடத் தொடங்கியிருந்தார். நான் ஆங்கிலமும் அரைகுறை நோர்வே மொழியுமாகச் சொன்னேன். மலைக்குப் போக பாஸ் வேண்டும்.

"அங்கே வீடு கட்டப் போகிறீர்களா?"

"இல்லை."

"மரம் வெட்ட?"

"இல்லை. நடக்க."

"நடந்து?"

"ஏறி, பிறகு இறங்க."

அவர் உள்ளே போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவரும் அதே கேள்விகளைக் கேட்டார். இரண்டு பேரும் மாறி மாறி, தேவையில்லை, தேவையில்லை என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாயால் தேவையில்லை என்று சொல்லுகிறவர்களை நான் ஊரில் நிறையக் கண்டிருக்கிறேன். வேலிக்குப் பக்கத்தில் போய் மாட்டுப்படும்போது அந்த வாய் நமக்குத் துணைக்கு வராது. எழுதித் தரச் சொன்னேன். முத்திரை வேண்டும் என்றேன். நாலு பேருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று கவுண்டரில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னேன்.

"ஏன் நாலு பெயர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு கதை சொன்னேன். அவர் சாப்பாட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

4

அந்தக் கதையை உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம்.

சுதந்திரம் கிடைத்த பிறகும் எங்கள் துறைமுகம் சில வருடங்கள் வெள்ளைக்காரரின் கையில் இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பா அங்கே பெயின்ற் அடிக்கிற வேலை. துறைமுக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மேட்டின் உச்சியில் ஒரு கொடிக்கம்பம் நின்றது. அதற்கும், போகிற வழியில் உள்ள கம்பி வேலித் தூண்களுக்கும், 'அனுமதியின்றி உட்பிரவேசிக்கக் கூடாது' என்ற பலகைக்கும் பெயின்ற் அடிப்பது அவர்தான். பலகையின் எழுத்து சிவப்பு. அப்பாவின் நகக்கண்ணில் எப்போதும் அந்தச் சிவப்பு இருக்கும்.

வேலை முடிந்து வந்து அம்மாவிடம் அந்த மேட்டைப் பற்றியே கதைப்பார். ஒரு பக்கம் கோணேசர் கோயில், மறுபக்கம் கொட்டியாரக் குடா, அக்கரையில் மூதூர், நடுவில் வேப்பம்பூப் போலத் தோணிகள். "ஒருநாள் உம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்" என்பார். அம்மா நம்பினாள்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல சேலையை உடுத்தாள். தேங்காய்ப்பூப் போட்ட பிட்டும் பொரித்த மீனும் வாழையிலையில் கட்டினாள். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் போனோம். வேலிக் கதவில் நின்ற காவற்காரர் நிலாவெளிக்காரர். அப்பாவோடு தினமும் தேத்தண்ணி குடிக்கிறவர். அப்பா தன் வேலைப் பாஸை எடுத்து நீட்டினார். அவர் பாஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அவருக்கே ஒரு மாதிரியாய்ப் போய்விட்டது.

"அண்ணை, இதில உங்கட பேர் மட்டுந்தானே கிடக்கு. ஒரு ஆளுக்குத்தான் பாஸ். நீங்கள் போயிட்டு வாங்கோ. அண்ணியும் பிள்ளையளும் இதில நிழல்ல இருக்கட்டும்."

"நான் கிழமையில ஆறு நாளும் பாக்கிறனான். இவைக்குக் காட்டத்தான் வந்தனான்" என்றார் அப்பா.

"எனக்கு விளங்குது அண்ணை. என்னால ஏலாது. என்ர வேலை போயிடும்."

அப்பா பாஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திரும்பி நடந்தார். நாங்களும் நடந்தோம். கொஞ்சத் தூரம் வந்ததும் அம்மா, "பிள்ளையளுக்குப் பசிக்குது, இதிலயே இருந்து சாப்பிடுவம்" என்றாள். எங்களுக்குப் பசிக்கவில்லை. தெருவோரத்துப் பாலை மரத்தடியில் இலையை விரித்துச் சாப்பிட்டோம். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். அதற்குப் பிறகு அவர் அந்த மேட்டைப் பற்றி வீட்டில் கதைத்ததே இல்லை.

பிறகு வெள்ளைக்காரர் போய்க் கொடி மாறியது. கம்பத்துக்கும் பலகைக்கும் அப்பாதான் புதுப் பெயின்ற் அடித்தார். பலகையில் எழுதியிருந்தது மாறவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார், இரண்டு வருடத்தில் அம்மாவும் போனாள். அம்மா கடைசி வரை அந்த மேட்டைக் கீழே நின்றுதான் பார்த்தாள்.

5

இந்தக் கதையைக் கேட்டு முடித்த அந்தக் கவுண்டர் அம்மா தட்டச்சு இயந்திரத்தில் தாளைப் போட்டார். எங்கள் நாலு பேரின் பெயர்களையும் எழுத்து எழுத்தாகக் கேட்டு அடித்தார். கீழே நாலைந்து வரி அடித்தார். பெரிய வட்ட முத்திரையாகத் தேடி எடுத்துக் குத்தினார். எழுந்து நின்று கைகொடுத்தார்.

நான் அதை வாசிக்கவில்லை. அப்போது வாசிக்கவும் தெரியாது. எங்கள் ஊர் ஆட்கள் முத்திரையைப் பார்ப்போமே தவிர எழுத்தைப் பார்க்க மாட்டோம். பெயர்கள் வெளியே தெரிய மடித்து, பிளாஸ்ரிக் உறையில் போட்டு, கோட்டின் உள்பையில் வைத்தேன். பிறகு பாஷை வந்தபோதும் பிரிக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவமணி முதன்முதலாகப் படி இறங்கினாள். மூச்சு வாங்க வாங்க ஏறினாள். அடுத்த ஞாயிறும் போனோம். இந்த ஏழு வருடத்தில் மலைதான் அவளுக்குப் பாஷை சொல்லிக் கொடுத்தது. இப்போது வண்டில் தள்ளுகிற பெண்களை மறித்துப் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்கிறாள். ஆவணி மாதத்தில் காட்டில் கறுநீலமாக ஒரு சின்னப் பழம் காய்க்கும். யாரும் யாருடைய காட்டிலும் பறிக்கலாம். பிள்ளைகள் தகரப் பேணியோடு போய் வாய் நீலமாகத் திரும்பி வருவார்கள். ஊரில் பாலைப்பழக் காலத்தில் எங்கள் வாய் பிசினாக ஒட்டியது ஞாபகம் வரும். எங்கே போனாலும் புறப்படும்போது ஒரு கேள்வி மட்டும் மாறாது.

"பாஸ் எடுத்தனீங்களே?"

"ஓம், இருக்கு."

வதனிக்கு இப்போது பதின்மூன்று வயது. ஒரு வருடமாக எங்களோடு மலைக்கு வருவதில்லை. "நீங்கள் எல்லாருக்கும் பெரிய சத்தமா ஹெய் சொல்லுறீங்கள் அப்பா, எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள். தமிழில் கேட்டால் இந்த ஊர்ப் பாஷையில் பதில் சொல்லுவாள். கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்பாள். ரமேஸ் தமிழைக் கேட்பான், பேச மாட்டான். வேலைத்தலத்தில் இரும்பை ஒட்டுகிறேன். வீட்டில் ஒன்றும் ஒட்டமாட்டேன் என்கிறது.

6

போன ஞாயிறு ஏழு வருட நாள் என்பதால் தவமணி வதனியைக் கெஞ்சிக் கூட்டி வந்தாள். எனக்குப் புதிதாக ஒரு மழைக்கோட்டும் வாங்கித் தந்திருந்தாள். பிட்டும் பொரித்த மீனும் கட்டியிருந்தாள். அந்த அவசரத்தில் வழக்கமான கேள்வியைக் கேட்க மறந்துவிட்டாள்.

பாதி வழியில், காடு திறந்து சின்னக் குளம் வருகிற வளைவில், கையில் பட்டி கட்டிய ஒருவர் பாதையின் நடுவில் நின்று வருகிறவர்களை மறித்துக்கொண்டிருந்தார். ஏழு வருடத்தில் இந்த மலையில் யாரும் என்னை மறித்ததில்லை. கை தானாக உள்பைக்குப் போனது. அது புதுக் கோட்டு. பாஸ் வீட்டில், பழைய கோட்டில் இருந்தது.

எனக்கு இப்போது முப்பத்தேழு வயது. இந்த நாட்டில் வரி கட்டுகிறேன். எல்லோரும் சும்மா நடக்கிற மலை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கால் நின்றுவிட்டது. "திரும்புவம்" என்றேன்.

"ஏன் அப்பா?" என்றாள் வதனி.

"பாஸ் இல்லை. கீழ போய் எங்கையாவது இருந்து சாப்பிடுவம்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. தவமணி என் முகத்தைப் பார்த்துப் பயந்து பிட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். திரும்பி இரண்டு அடி வைத்தேன். வதனி ஓடி வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்பா, அந்தக் கடிதத்தில பாஸ் எண்டு ஒண்டும் இல்லை."

"உனக்கென்ன தெரியும்?"

"நான் வாசிச்சனான். பத்து வயசில, ஒருநாள் நீங்கள் குளிக்கேக்க." அவள் தமிழில்தான் சொன்னாள், சொல் சொல்லாகத் தேடித் தேடி. "உங்களுக்குப் பாஸ் தர அந்த அம்மாவுக்கு அதிகாரம் இல்லையாம். இந்த நாட்டில ஒருத்தருக்கும் இல்லையாம். ஏனெண்டால் மலைக்குப் பாஸ் தேவையில்லை. இந்த நாலு பேரையும் ஆராவது மறிச்சால், மறிச்ச ஆள்தான் தன்னட்ட வந்து காரணம் சொல்லவேணும் எண்டு எழுதியிருக்கிறா. கடைசியில, சந்தோசமா நடவுங்கோ எண்டு."

"மூண்டு வருசமா ஏன் சொல்லேல்லை?"

அவள் குனிந்து சப்பாத்தைப் பார்த்தாள். "நீங்கள் அதை அவ்வளவு கவனமா வைச்சிருந்தீங்கள் அப்பா. சொல்ல மனம் வரேல்லை."

ஒட்டவில்லை என்று மேலே எழுதினேனே, அதை வெட்ட வேண்டும். விட்டுவிடுகிறேன், இருக்கட்டும்.

அவள் என் கையைப் பிடித்தாள். நாலு பேரும் அந்தக் கைப்பட்டிக்காரரிடம் போனோம். "எத்தனை பேர்?" என்று கேட்டார். "நாலு" என்றாள் வதனி. அவர் பெட்டிக்குள் கையை விட்டு நாலு தோடம்பழம் எடுத்துத் தந்தார். அன்றைக்குக் குடும்ப நடைநாளாம். மேலே ஏறுகிறவர்களுக்குப் பழம் கொடுக்கத்தான் மறித்திருக்கிறார். நான் அவருக்கு ஆயிரம் நன்றி சொன்னேன். இந்த முறை பிழையில்லை.

உச்சியில் ஒரு கல் குவியலும் அதில் ஒரு தகரப் பெட்டியும் இருக்கின்றன. பெட்டிக்குள் கொப்பி. ஏறி வந்தவர்கள் பெயரை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் எத்தனை பேர் என்று எழுதுவார்கள். ஏழு வருடமாக நான் அதில் எழுதியதில்லை. பெயரைப் பதிந்து வைத்தால் பிறகு யாராவது தேடி வருவார்கள் என்ற பயம். அன்று வதனி கொப்பியை எடுத்து எங்கள் நாலு பேரின் பெயரையும் எழுதினாள். கட்டத்தில் 4 என்று போட்டாள்.

மழை விட்டிருந்தது. கீழே துறைமுகம் முழுதும் தெரிந்தது. வாசலில் ஒரு கப்பல், உள்ளே சின்னச் சின்னப் படகுகள். தவமணி ஒரு கல்லில் வாழையிலைக்குப் பதில் கடதாசியை விரித்துப் பிட்டை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வதனியிடம் கையை நீட்டினேன்.

"பேனையைத் தா" என்றேன். எங்கள் பெயர்களுக்குக் கீழே தமிழில் அப்பாவின் பெயரை எழுதினேன். அம்மாவின் பெயரை எழுதினேன். அக்கா, உன் பெயரையும் எழுதினேன். வதனி குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். வே-லா-யு-தம். அன்-னப்-பிள்-ளை.

"அப்பா, அப்ப இது பிழை" என்று கட்டத்தைக் காட்டினாள்.

நாலை வெட்டிவிட்டு ஏழு என்று எழுதினாள்.